முட்டுவீட்டுச் சராசரி

எங்கள் ஊரில் சராசரி போடத் தெரிந்த ஒரே ஆள் ஒரு காலத்தில் நான்தான். இதைச் சொல்வதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு. வில்பட்டியைத் தாண்டி மலைச்சரிவில் இருந்தது எங்கள் ஊர். அங்கே பிள்ளைகள் எழுத்துக்கூட்டப் பழகியதும் பூண்டுத் தோட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். நான் மட்டும் தினமும் நடந்து போய் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். கூட வர ஆள் இல்லாததால் கணக்குதான் வழித்துணை. பாதையில் பார்த்த மாடுகளையெல்லாம் கூட்டி, நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு எத்தனை மாடு என்று கண்டுபிடிப்பேன். அரை மாடு, கால் மாடு என்றெல்லாம் வரும். யாரிடமும் சொல்லிச் சிரிக்க முடியாது.

பூண்டு காய்ந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு ஆஸ்பத்திரி ஜீப் வந்தது. ஒரு டாக்டரம்மாவும் கம்பவுண்டரும் இறங்கினார்கள். மலை ஊர்களில் பிள்ளைகள் எப்படி வளர்கின்றன, என்ன நோய் வருகிறது என்று கணக்கெடுக்க வந்தார்களாம். வெளியூர் ஆண்பிள்ளை வீடு வீடாக நுழைவதில் ஊருக்கு விருப்பமில்லை. அப்பா என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார்.

“எம்புள்ள எழுதும்ங்க. அஞ்சாப்பு படிக்குது.”

முந்தின ராத்திரி அந்தந்த வீட்டில் படுத்தவர்களை மட்டும்தான் எழுத வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். பெயர், வயது, காய்ச்சல் உண்டா இல்லையா. விருந்தாளியாக இருந்தாலும் படுத்திருந்தால் உண்டு. வீட்டுக்காரரே ஆனாலும் வேறு எங்கோ படுத்திருந்தால் இல்லை. இந்தக் கறார் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் வீட்டுக்கு அப்பா, அத்தை, தம்பி, நான் என்று எழுதினேன். அம்மாவை எழுதவில்லை. அம்மா முட்டுவீட்டில் இருந்தாள்.

ஊர்க்கோடியில் ஓடையோரம் தனியாக நின்ற ஒற்றை அறை அது. மாதவிலக்கான பெண்களும் பிள்ளை பெற்றவர்களும் அங்கேதான் தங்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாள். அதுவரை அவளை யாரும் தொடக் கூடாது. சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அம்மா என் தங்கையைப் பெற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தினமும் சாயங்காலம் தூரத்தில் நின்று அவளோடு பேசுவேன். ஆனால் முந்தின நாளிலிருந்து அவள் வாசலுக்கே வரவில்லை. “மேலு சுடுது. நீ போயிப் படி, போ” என்று குரல் மட்டும் வந்தது. எழுதும்போதெல்லாம் அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் முட்டுவீட்டை வீடு என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.

டாக்டரம்மா என் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, நடக்கிற பிள்ளை இருக்கு, தவழுற பிள்ளை இருக்கு. பச்சைப் பிள்ளை ஒண்ணுகூடவா இல்ல?”

“இந்த ஊருல பொறக்கும்போதே நடந்துதான் வரும்போல, டாக்டரம்மா” என்றார் கம்பவுண்டர். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நான் எழுதிய கணக்கு. அதில் ஒருவர் ஓட்டை கண்டுபிடித்தால் என்னால் பொறுக்க முடியாது. “இருக்கு. எங்கம்மாகிட்ட இருக்கு. அவங்கதான் வீட்டுல படுக்கலையே” என்றேன். சிரிப்பு நின்றது.

டாக்டரம்மா ஓடைப் பக்கம் நடந்தார். “அங்கன போகாதீங்கம்மா, தீட்டு” என்று பெண்கள் பின்னாலேயே வந்தார்கள். அவர் குனிந்து உள்ளே போய்விட்டார். என்னிடம் மருந்துப் பையைக் கொண்டு வரச் சொன்னார். நான் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். நுழைந்துவிட்டேன். அம்மாவின் உதடு வெடித்திருந்தது. “ஏ புள்ள, நீ எதுக்கு உள்ள வந்த? வெளிய போ” என்றாள். ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்த கையை அவள் விடவில்லை. அடுப்புக் கல்லைத் தொட்டதுபோல் சுட்டது அந்தக் கை.

உடனே கொடைக்கானலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் டாக்டரம்மா. அப்பா பெரியவர்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு, “வெரசா கொண்டு போங்கம்மா” என்றார். அம்மாவும் தங்கையும் ஜீப்பில் போனார்கள்.

நான் தீட்டுப்பட்டவள் ஆகிவிட்டேன். அம்மா திரும்பும்வரை முட்டுவீட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஊர் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடமும் இல்லை. அத்தை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “எழுதப் போன சோலிக்கு இது வேணும். அங்கனயே ஒக்காந்து எழுது, கலெக்டரம்மா” என்பாள். கஞ்சிக்கு மேல் கருப்பட்டித் துண்டு ஒன்று இருக்கும். தம்பி பாறையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூப்பிட்டால் ஓடிப்போவான். மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கிப் பாறையும் மறைந்துவிடும். அப்புறம் ஓடைச் சத்தமும் நானும்தான்.

சுவரைப் பார்த்தது அப்போதுதான். பிள்ளை பெற்ற பெண்கள் ஒவ்வொருத்தியும் கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டு, அதன் பக்கத்தில் நாளுக்கொரு கோடு இழுத்திருந்தார்கள். கீழே அம்மாவின் வரிசையும் இருந்தது. எழுதத் தெரியாத அம்மாவும் கணக்கு வைத்திருந்தாள் என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எல்லா வரிசைகளையும் எண்ணினேன். பெரும்பாலும் முப்பது. சில பாதியில் நின்றிருந்தன; ஒன்றிரண்டு ஆரம்பித்த உடனேயே. கூட்டி, வகுத்து, தரையில் சராசரி போட்டேன். இருபத்து நாலும் சில்லறையும் வந்தது. முப்பது நாள் கட்டாயம் என்று ஊர் சொல்வதெல்லாம் சும்மா என்று நான் கண்டுபிடித்துவிட்டேன்.

டாக்டரம்மா மறுபடி வந்தபோது, அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, நாலைந்து நாளில் வந்துவிடுவாள் என்று சொன்னார். நான் அழுதேன். அழுது முடித்ததும் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினேன்.

“முப்பது வரல பாருங்க, டாக்டரம்மா. இவங்கள்லாம் வெள்ளனேயே போயிட்டாங்க.”

அவர் குட்டை வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “எங்க போனாங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

“எங்கம்மா மாதிரிதான்” என்று அம்மாவின் பாதி வரிசையைக் காட்டினேன். அவர் குட்டை வரிசைகளை மறுபடி எண்ணினார். என் கணக்கில் மறுபடி ஏதோ தப்பு கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்து, கூட்டல் சரிதானா என்று கேட்டேன்.

“கூட்டல் சரிதாம்மா” என்றார். சுவரைப் பார்த்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெண்களையும் ஒரு ஜீப் வந்து கூட்டிப்போயிருக்கும் என்றே நினைத்தேன். அதற்கு முன்னால் எங்கள் ஊருக்கு ஜீப் வந்ததே இல்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுபோல் எனக்கும் தெரிந்துதான் இருந்தது.