கக்கூஸ் யன்னலில் தெரிந்த சிகரம்

அந்தச் சிகரத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது ஒரு மலையேறியின் பெயர். அவனுக்கென்று ஒரு மலையே இருக்கிறது, என் தாளிலும் இடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஐந்து கோடைகாலம் அந்தச் சிகரத்துக்குக் கீழே இருந்த மலைக்குடிலில் கோப்பை கழுவினேன். மற்ற மாதங்களில் சுவிஸின் லுசேர்ண் நகரில் ஒரு ஹோட்டல் குசினி. கடைசிப் பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து குடிலுக்கு ஐந்து மணி நேரம் நடக்க வேண்டும். மாவும் உருளைக்கிழங்கும் ஹெலிகொப்டரில் வரும். திரும்பும்போது அதே ஹெலிகொப்டர் கக்கூஸ் பீப்பாய்களைத் தூக்கிக்கொண்டு போகும். அவற்றை மூடிக் கட்டுவது என் வேலை. முதல் தடவை மூடி நழுவிக் கை முழுக்கப் பட்டுவிட்டது. மூன்று நாள் சோற்றைக் கையால் தொட முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன்.

சிகரம் மிக வடிவாகத் தெரிவது கக்கூஸ் யன்னலால்தான். வருகிறவர்கள் அங்கே நின்று படம் எடுப்பார்கள். வெளியே வந்து, துடைத்த ஈரத்தாளைக் கல் இடுக்கில் செருகிவிட்டு, இங்கே காற்று எவ்வளவு சுத்தம் என்று என்னிடமே சொல்வார்கள். அவர்கள் மலை இறங்கிய பிறகு கையுறை போட்டுக்கொண்டு அந்தத் தாள்களைப் பொறுக்குவேன். இவ்வளவு படித்த, இவ்வளவு விலையான சப்பாத்துப் போட்ட மனிதர்களிடம் இப்படியொரு அரியண்டம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

சாப்பாட்டு மண்டபத்தில் மலையேறியின் படம் தொங்கியது. சனிக்கிழமைகளில் நான்தான் துடைப்பேன். அவனுக்கு முன்னால் பனியில் படி வெட்டிக்கொண்டு போன இருவரும் அதே படத்தில் ஓரமாக நின்றார்கள். கீழே அவன் பெயரும் ஏறிய வருடமும் மட்டும் இருந்தன. சமையல் பொறுப்பில் இருந்த அண்ணை, நான் துடைப்பதைக் காணும் நேரமெல்லாம் பகிடி பண்ணுவார்.

"அவன் ஏறினது ஒருக்காத்தான் தம்பி. அவன்ரை பேராலை நாங்கள் நாலு மாசம் நாறுறம்."

குடிலுக்குப் பின்னால் உருகும் பனிநீர் ஒரு தொட்டியில் சேர்ந்து குழாயால் குசினிக்கு வரும். சூப், தேத்தண்ணி, எல்லாம் அதில்தான். தொட்டிக்கு மேலே போக வேண்டாம் என்று நான்கு மொழிகளில் பலகை வைத்திருந்தோம். கடைசிக் கோடையில் ஒரு காலை, தேத்தண்ணிக்குக் கிடாரத்தை நிரப்பிக்கொண்டு யன்னலால் பார்த்தேன். அந்தப் பலகையைத் தாண்டி, தொட்டிக்கு மேலே நின்று ஒருவர் மூத்திரம் பெய்துகொண்டிருந்தார். நெற்றியின் நடுவில் மிளகளவு மச்சம். என்னைக் கண்டதும் மற்றக் கையைத் தூக்கி வணக்கம் சொன்னார். ஓடிப்போய்க் குடிலை நடத்திய பெண்ணிடம் சொன்னேன். அவர் குழாயைப் பூட்டித் தொட்டி முழுவதையும் திறந்து விட்டார். நான் உள்ளே இறங்கித் தேய்த்தேன். தேத்தண்ணி பிந்திவிட்டது என்று முறைப்பாடு சொன்னவரும் அதே மச்சக்காரர்தான்.

இரண்டு வருடம் கழித்து, சோலோதுர்ன் பக்கத்தில் நான் குடியிருக்கும் கிராமத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். அகதியாக ஏற்கப்பட்டவனுக்கு எல்லா நாடும் திறந்திருக்கும், சொந்த நாட்டைத் தவிர. அம்மா யாழ்ப்பாணத்தில். இருபத்திரண்டு வருடமாக நான் அவரைப் பார்க்கவில்லை. வீடியோ அழைப்பில் போனை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பார், எனக்கு நெற்றி மட்டும்தான் தெரியும். சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்தால் முழு முகத்தையும் பார்க்கலாம்.

நேர்காணலுக்கு முதல் அண்ணை போனில், எதைக் கேட்டாலும் சிரி, எதிர்த்துக் கதையாதை என்று படித்துப் படித்துச் சொன்னார். பின்னேரம் நாலு மணிக்குக் கிராமசபை அறைக்குள் போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவரின் நெற்றியில் மிளகளவு மச்சம்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. கோப்பை கழுவுகிறவனின் முகத்தை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்? என் வேலை விபரத்தில் குடிலின் பெயரைக் கண்டு அவர் முகம் மலர்ந்தது. தானும் அங்கே ஏறியிருப்பதாகச் சொன்னார். மேலே நிற்கும் சிகரம் யாருடைய பெயரைக் கொண்டது என்று கேட்டார். சொன்னேன். எந்த வருடம் ஏறினான் என்பதையும் சொன்னேன். சனிக்கிழமைதோறும் துடைத்த பெயரல்லவா.

மற்ற இருவரும் ஆச்சரியப்பட்டார்கள். அவர் பேனையை மூடிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டார்.

"எங்கள் மலைகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தது என்ன?"

கிடாரமும் தொட்டியும் அந்தத் தூக்கிய கையும் கண்ணுக்குள் வந்தன. அம்மாவின் நெற்றியை நினைத்துக்கொண்டு சிரித்தேன்.

"சுத்தம்" என்றேன்.

அவர் திருப்தியோடு தலையாட்டி, பேனையை மறுபடி திறந்து எழுதினார்.

வெளியே, கிராமசபை முற்றத்து நீர்த்தொட்டியில் வாயைக் கொப்பளித்தேன். ஒரு தரம் போதவில்லை. பிறகு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். திரை முழுக்க நெற்றி.

"என்னப்பு, கஸ்டமான கேள்வியளோ?"

"இல்லையம்மா. வருவன் போலை கிடக்கு."

அம்மா அழத் தொடங்கினார். நான் போனைக் கையில் பிடித்தபடி மறுபடியும் தொட்டிப் பக்கம் குனிந்தேன்.