ரெஜினா ரீச்சருக்கு இன்னும் மூன்று பிள்ளைகள்

வாமதேவனுக்குச் சங்கம் என்றால் உயிர். லண்டன் மனோர் பார்க்கில் கடை வைத்திருப்பவர் என்று அவரைச் சொன்னால் அது பாதி உண்மைதான். மீதி உண்மை, அவர் நான்கு சங்கங்களுக்குச் செயலாளர். படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம், ஊர் ஒன்றியம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் குழு, டென்மார்க்கிலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கென்று இன்னொன்று. அந்தக் கடைசிச் சங்கத்தில் ஆட்கள் பதினான்கே பேர். அதற்கும் தலைவர், உபதலைவர், பொருளாளர், போசகர் என்று குறைவில்லை.

"கடையைப் பூட்டினாலும் பூட்டுவார், கூட்டத்தை விடமாட்டார்" என்று மனைவி சுசிலா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அதை அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

டென்மார்க்கில் ஒரு சின்னப் பட்டினத்தில் மீன் தொழிற்சாலையில் பதினாலு வருடம் நின்றவர் அவர். சம்பளத்துக்கும் வீட்டுக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும், நாலு தமிழரோடு கூடிக் குலாவவேண்டும் என்று 2002இல் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தார். ரோம்ஃபோர்ட் ரோட்டில் கடை எடுத்தார். முதல் இரண்டு வருடம் முருங்கைக்காயும் ஒடியல் மாவும் கருவாடும்தான். பிறகு லித்துவேனியாக்காரர் தெருவெல்லாம் வந்து இறங்கினார்கள். ஒருநாள் கட்டட வேலைச் சப்பாத்தோடு உள்ளே வந்த ஒருவன் கறுப்புப் பாண், தங்கள் ஊர் ரொட்டி, இருக்கிறதா என்று கேட்டான். வாமதேவன் வியாபாரி, இல்லை என்று சொல்லவில்லை, "நாளைக்கு" என்று சொன்னார். ஒரு வருடத்துக்குள் கடையில் பாதி அவர்களுடையதாகிவிட்டது. புகையூட்டிய மீன், புளித்த பால், ஊறவைத்த வெள்ளரிக்காய், அவற்றுக்கு நடுவில் பிட்டு மா.

அந்தப் பாதியைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்த லித்துவேனியாக்காரிதான் டைவா. முப்பது வயது. எட்டு வயது மகள் எமிலியாவோடு வந்தவள். மூன்று வருடத்தில் "ஓம் அண்ணை", "இல்லை அண்ணை", "நாளைக்கு வாங்கோ" என்ற மூன்றையும் பிழையில்லாமல் சொல்லப் பழகியிருந்தாள். கடைக்கு அது போதும்.

2009 சித்திரையில் வாமதேவன் கடைக்கு வரவேயில்லை. பாராளுமன்றத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கான சனத்தோடு அவரும் போரை நிறுத்து என்று கொட்டொலி போட்டுக்கொண்டு தெருவில் நின்றார். சுசிலாவும் அங்கேதான். கடையை டைவா தனியாக நடத்தினாள். வைகாசியில் எல்லாம் முடிந்துபோன பிறகு அவர் திரும்பி வந்து கல்லாவுக்குப் பின்னால் ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணீர் போட்டு முன்னால் வைத்துவிட்டுப் பாண் அடுக்கப் போனாள். அந்த மௌனத்துக்கு எப்படிக் கைம்மாறு செய்வதென்று அவருக்கு மனதில் கிடந்தது.

ஆடி மாதம் அவளே வழி சொன்னாள். தன்னுடைய ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ரெஜினா லண்டனுக்கு வருகிறாராம். பள்ளிக்கூடம் பெரிய கஷ்டத்திலாம். ஊர் ஆட்களை ஓரிடத்தில் சந்திக்க வேண்டுமாம். இடம் பிடித்துத் தர ஏலுமா?

வாமதேவன் நிமிர்ந்து இருந்தார். இது அவருடைய துறை. பள்ளிக்கூடத்துக்கு என்ன கஷ்டம் என்று அவர் கேட்கவேயில்லை. ஊரிலிருந்து ஒரு பிரின்சிபல் லண்டனுக்கு வருகிறார் என்றால் எதற்கு வருவார்? கட்டடத்துக்குக் காசு சேர்க்க. இல்லாவிட்டால் சுற்றுமதிலுக்கு. எத்தனை பிரின்சிபலைப் பார்த்தவர் அவர்.

தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்கு எடுத்தார். வீட்டுக் குத்துவிளக்கு அங்கே போனது. பொன்னாடை வாங்கினார். தன் ஒன்றியக்காரர் சிலரிடம் பேசி, லித்துவேனியப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கொம்பியூட்டர் அறை அமைக்கும் திட்டம் ஒன்றையும் முடிவுசெய்து வைத்தார்.

"அந்த மனுசி என்னத்துக்கு வருகுதெண்டு டைவாட்டைக் கேட்டனீங்களே?" என்றாள் சுசிலா.

"இதிலை கேக்க என்ன கிடக்கு? உமக்கு விளங்காது, விடும்."

கூட்டத்துக்கு அந்த ஊர்க்காரர் நாற்பது பேரளவில் வந்திருந்தார்கள். ரெஜினா ரீச்சர் மெலிந்த, நெடிய பெண். அறுபதை நெருங்கும் வயது. தோளில் பொன்னாடை விழுந்தபோது குளிருக்குத் தருகிறார்கள் என்று நினைத்து இழுத்துப் போர்த்திக்கொண்டார். விளக்கு ஏற்றினார்கள். வாமதேவன் ஒலிவாங்கியைப் பிடித்து, தங்கள் கூட்டங்களில் போரில் செத்தவர்களுக்காகச் செய்வது போல, எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கும்படி ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார். நின்றார்கள். ரீச்சர் முகம் வெளிறிப்போய் டைவாவின் காதில் என்னவோ கேட்டார்.

"அண்ணை, செத்தது யார் என்று கேட்கிறார்" என்றாள் டைவா, ஆங்கிலத்தில்.

"எங்கட கூட்டம் இப்படித்தான் தொடங்கும் என்று சொல்லு" என்றார் வாமதேவன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பொல்லாத பதில் என்று அவருக்கே உறைத்தது.

பிறகு ரீச்சர் பேசினார். டைவா ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல வாமதேவன் முன்வரிசையில் இருந்து கேட்டார். டைவா படித்த காலத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் நூற்று இருபது பிள்ளைகள். இப்போது ஏழு. போன வருடம் ஊரில் பிறந்த குழந்தை ஒன்றுமில்லை. சவ அடக்கம் பத்தொன்பது. வரும் புரட்டாதி, செப்டெம்பர் முதலாம் தேதி பள்ளிக்கூடம் தொடங்கும்போது பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இழுத்து மூடிவிடுவார்கள். பள்ளிக்கூடம் மூடினால் பஸ் நிற்கும், பஸ் நின்றால் கடை நிற்கும், பிறகு ஊர் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சாது.

பேசும்போது அவருடைய கண் மண்டபத்தின் பின்பக்கத்திலேயே இருந்தது. அங்கே பிள்ளைகள் கதிரைகளுக்கு நடுவில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். பதினொன்று. எல்லாம் அந்த ஊர்ப் பிள்ளைகள்.

வாமதேவன் இதுதான் தருணம் என்று எழும்பிக் கொம்பியூட்டர் அறையை அறிவித்தார். கைதட்டல் விழுந்தது. ரீச்சர் அடக்கமாக நன்றி சொன்னார்.

"எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை இருக்கிறது. ஐரோப்பிய யூனியன் போட்டுத் தந்தது. கொம்பியூட்டர் இருபது இருக்கிறது. பிள்ளைகளை விட அதிகம். எனக்கு இன்னும் மூன்று பிள்ளைகள்தான் வேண்டும்" என்றார்.

வாமதேவன் கதிரையில் இருந்துவிட்டார். காது இரண்டும் சுட்டது. பின்வரிசையில் சுசிலா கையால் வாயை மூடிக்கொண்டிருப்பதை அவர் திரும்பிப் பார்க்காமலே அறிவார்.

கட்டட வேலை செய்யும் ஆர்தூரஸ் எழும்பினான். கடையில் முதன்முதல் கறுப்புப் பாண் கேட்டவன் அவன்தான். "ரீச்சர், பிள்ளையை அனுப்பினால் அங்கே நாங்கள் என்ன வேலை செய்வது? வேலையிருந்த ஆட்களையே வீட்டுக்கு அனுப்புகிறார்கள்" என்றான். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். ரீச்சர் டைவாவைப் பார்த்தார். டைவா மொழிபெயர்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

தாயும் மகளுமாக இவர்கள் போய்விடுவார்களோ என்று வாமதேவனுக்கு நெஞ்சு திக்கென்றது. டைவா இல்லாமல் கடை ஒரு மாதம் தாங்காது. அவள் மெல்லத் தலையை ஆட்டி மறுத்தபோது அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. அந்த ரீச்சருக்கு வேண்டிய மூன்று பிள்ளைகளில் ஒன்றைப் பிடித்து வைத்திருப்பவர்களில் தானும் ஒருவர் என்று தெரிந்தது.

போகும்போது வாசலில் வைத்து அவர் ஒரு யோசனை சொல்லிப் பார்த்தார். "ரீச்சர், நீங்கள் இங்கே வந்துவிடலாமே. பிள்ளைகள் இங்கேதானே இருக்கிறார்கள். நாங்கள் சனிக்கிழமையில் தமிழ் சொல்லிக்கொடுப்பது போல."

"நானும் வந்தால் அங்கே இன்னும் ஒரு ஆள் குறையும்" என்றார் ரீச்சர். அவ்வளவுதான். பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விமான நிலைய பஸ்ஸுக்குப் போனார்.

அன்றிரவு சுசிலா பகிடி ஒன்றும் விடவில்லை. அதுவே அவருக்குக் கூடுதலாகக் குத்தியது. அடுத்த நாள் காலை தன்னுடைய ஊருக்குப் போன் எடுத்தார். அவருடைய பழைய மாணவர் சங்கம் போன வருடம்தான் அங்கே இரண்டு மாடிக் கட்டடம் கட்டிக்கொடுத்திருந்தது. பிரின்சிபல் தேவராசா போனை எடுத்தார்.

"மாஸ்ரர், எங்கட புதுக் கட்டடத்திலை எத்தினை பிள்ளையள் படிக்கினம்?"

"கட்டடம் நல்லா இருக்கு வாமதேவன். போன மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகேல்லை."

"பிள்ளையள்?"

"கீழ் மாடி காணும். மேல் மாடி பூட்டித்தான் கிடக்கு. இல்லாததுகளிலை அரைவாசி வெளிநாடு போயிட்டுதுகள். இந்தச் சண்டைக்குப் பிறகு மிச்சம் எங்கையெண்டு உமக்குத் தெரியுந்தானே."

மேல் மாடியின் சுவரில் வாமதேவனின் பெயர் கல்லில் வெட்டியிருக்கிறது. அந்தக் கல்லின் படத்தைக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தார். அன்றைக்கு அதைக் கழற்றி உள்ளே வைத்தார்.

புரட்டாதி வந்தது. பத்துக்கு ஏழு பேர்தான். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள் என்று டைவா பாண் அடுக்கிக்கொண்டே சொன்னாள். மிஞ்சிய ஏழு பிள்ளைகளில் இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் நான்கு பேர் அயர்லாந்துக்குப் போய்விட்டார்கள். மற்ற மூவரையும் வான் ஒன்று ஏற்றி முப்பது கிலோமீற்றர் தள்ளியுள்ள பட்டினத்துக்குக் கொண்டுபோகிறது.

கார்த்திகை மாதம் ஒரு பின்னேரம், குளிர் காற்றோடு கடைக் கதவு திறந்தது. ரெஜினா ரீச்சர் ஒரு பெட்டியோடு நின்றார். கழுத்தைச் சுற்றி அந்தப் பொன்னாடை.

"பொன்னாடையை உதவியான வேலைக்குப் பாவிச்ச முதல் ஆள் இவதான்" என்று சுசிலா மெல்லச் சொன்னாள்.

வாமதேவன் எழுந்து நின்றார். சின்ன வயதில் ரீச்சர்மாரைக் கண்டால் எழும்பிய பழக்கம். பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. டைவா சொன்னதில் மீதியைத் தெரிந்துகொண்டார். ரீச்சருக்கு லண்டன் எட்மண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலை கிடைத்திருந்தது. கிழமை நாட்களில் ஷிப்ட். சனிக்கிழமை ஓய்வு.

மண்டபத்தில் தமிழ் நான்காம் வகுப்பு நடந்த அறை அந்த வருடம் காலியாகக் கிடந்தது. அதற்கும் பிள்ளைகள் சேரவில்லை. நிர்வாகக் குழுவில் வாமதேவன் பேசி, சனிக்கிழமைகளில் லித்துவேனிய வகுப்பு நடத்த அந்த அறையை ரீச்சருக்கு வாங்கிக்கொடுத்தார். அவர் ஆயுளில் ஒரு கூட்டத்தில் மிகக் குறைவாகப் பேசிக் காரியம் முடித்தது அன்றைக்குத்தான்.

முதல் சனிக்கிழமை அறையைத் திறந்துவிட அவரே போனார். எமிலியாவும் ஆர்தூரஸின் இரண்டு பொடியன்களும் மற்றவர்களும் வந்து வாங்குகளில் இருந்தார்கள். ரீச்சர் முன்னால் நின்று விரலை நீட்டி எண்ணினார். பதினொன்று வந்ததும் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அப்போதும் பதினொன்றுதான். பத்துக்கு ஒன்று கூட. அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்குவதை வாமதேவன் கதவடியில் நின்று பார்த்தார்.

பிறகு ரீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பிள்ளைகளிடம் ஏதோ சொன்னார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். கை கட்டி, தலை குனிந்து, அவரும் அசையாமல் நின்றார். வாமதேவனுக்கு மொழி விளங்கவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று விளங்கியது. கதவடியில் அவரும் தலையைக் குனிந்தார்.

எமிலியா பொறுக்கமாட்டாமல் அவர் பக்கம் திரும்பி, "அங்கிள், யார் செத்தது?" என்று ஆங்கிலத்தில் இரகசியமாகக் கேட்டாள்.

"பேசாமல் நில்லு பிள்ளை" என்றார் வாமதேவன். "இன்னும் ஒரு நிமிசம் ஆகேல்லை."