காலராவுக்கு வந்த குப்பிகள்

வெள்ளைக்காரர் ஆட்சியில் சென்னையிலிருந்த ஒரு பரிசோதனைக்கூடத்தில் நான் உதவியாளன். திருமுல்லைவாயிலிலிருந்து ரயிலில் போய்வருவேன். காலராக் கிருமி வளர்ந்து கலங்கிய இறைச்சிச் சாற்றில் ‘பேஜ்’ என்ற இன்னொரு நுண்ணுயிரை ஒரு சொட்டு விடுவோம். சில மணி நேரத்தில் சாறு தெளிந்துவிடும். பேஜ் கிருமிக்குள் பெருகி அதை உடைக்கிறது என்பார் எங்கள் டாக்டர். எப்படி என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அது கிருமியின்மேல் ஒட்டித் தன் உட்பொருளை மட்டும் உள்ளே செலுத்துமாம். அதன்பின் கிருமி தன் வேலையை விட்டுவிட்டு, தன் சத்தையெல்லாம் செலவழித்துப் பேஜ்களையே செய்துகொண்டிருக்கும்; கடைசியில் வெடித்துச் சாகும்.

ஒரு கோடையில் எங்கள் ஊருக்கே காலரா வந்தது. பேஜ் அடைத்த கண்ணாடிக் குப்பிகளை ஒரு பெட்டி நிறையக் கொடுத்து, சுகாதார இன்ஸ்பெக்டரோடு டாக்டர் என்னை அனுப்பினார். நோய் கண்டவுடன் குடிக்க வேண்டும், தாமதித்தால் பயனில்லை. இன்ஸ்பெக்டரோ எங்கள் தெருவில் நோயில்லாதவர்களுக்கும் வாரிக் கொடுத்தார். என் அண்ணனே நாலு குப்பி வாங்கிப் பரணில் வைத்துக்கொண்டான். சேரிப்பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“அவங்களுக்கு இதெல்லாம் வெளங்காது. குடுத்தாலும் குடிக்கமாட்டாங்க” என்றார்.

மத்தியானம் தெருமுனையில் ஒரு பெண் வந்து நின்றாள். எங்கள் வயலில் நாற்று நடுபவள். தெருவுக்குள் கால் வைக்க அவளுக்கு அனுமதியில்லை.

“இன்னா நைனா, மருந்து வந்துகீதாமே. என் ஊட்டுக்காரன் விடிஞ்சதுலேர்ந்து பேதியா போய்கினு கீறான். எங்களுக்கு இல்லியா?”

“தீந்துபோச்சு” என்றார் இன்ஸ்பெக்டர்.

பெட்டி என் கையில் இருந்தது.

“இன்னும் பதினொண்ணு இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு அவளோடு நடந்தேன்.

அவள் புருஷனுக்குக் கண் குழிவிழுந்திருந்தது; நாடி பிடிபடவில்லை. குடித்தது தொண்டையில் இறங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். சேரியில் நோய் கண்டிருந்த மற்றவர்களுக்கு ஒவ்வொரு வீடாகக் குப்பியை உடைத்துக் கொடுத்தேன். ஒருவர்கூட வேண்டாமென்று சொல்லவில்லை. நாலைந்து பேர் பிழைத்தார்கள். பேஜாலா, கூடவே குடித்த உப்புப் போட்ட கஞ்சியாலா, என்னால் சொல்ல முடியாது.

மறுவாரம் இன்ஸ்பெக்டர் ஓர் அறிக்கையை நீட்டினார். ‘சேரி மக்கள் அறியாமையால் மருந்தை ஏற்க மறுத்தார்கள்’ என்றிருந்தது.

“அவங்கள யாரும் கேக்கவே இல்லியே சார்.”

“கையெழுத்துப் போடுய்யா. உங்க அண்ணனும்தான் நாலு குப்பி எடுத்து வெச்சிருக்காரு.”

‘இது பொய்’ என்று அடியில் எழுதி, அண்ணனின் நாலு குப்பியையும் சேர்த்தெழுதிக் கையெழுத்திட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு வேறு தாளில் பழையபடியே எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்கள். என்னைக் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்கு மாற்றினார்கள். அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தினான்.

அதெல்லாம் போகட்டும். புருஷன் செத்ததற்கு அந்தப் பெண்ணின் அறியாமையே காரணமென்று அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.