ஏட்டையா திறந்த டின்

பணி நிரந்தரம் குறித்த விதிகளை அலுவலகத்தில் பலருக்கும் விளக்கியிருக்கிறேன். அவற்றில் நண்டு பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக இருந்த என் மாமா, விதிகளைவிட நண்டையே நம்பினார். அவருடைய சூப்பர்வைசர் நண்டுப் பிரியர். யாரை நிரந்தரமாக்கலாம் என்று அன்று மாலை அவர் மேலிடத்தில் சொல்லப்போகிறார். அதற்கு முன், மதியச் சாப்பாட்டுக்கே நண்டு அவர் வீடு சேர்ந்தாக வேண்டும்.

பள்ளி விடுமுறை. என்னையும் அழைத்துக்கொண்டு மாமா ஆரம்பாக்கத்தில் பஸ் ஏறினார். உயிருள்ள ஏரி நண்டுகள் ஒரு பழைய எண்ணெய் டின்னில், ஈரச்சாக்கு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. எளாவூர் சோதனைச்சாவடியருகே டயர் பஞ்சர். மாமா டின்னை நிழலில் வைத்துவிட்டு, எனக்கு பன் வாங்கித்தர டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

எங்கெங்கோ குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள், போலீசிடம் சொல்லுங்கள் என்று வானொலி தினமும் கெஞ்சும். நாங்கள் திரும்பியபோது, பொதுமக்கள் அதிசயமாக அரசு சொன்னபடியே நடந்திருந்தார்கள். டின்னுக்குள் ஏதோ பிறாண்டுகிறது என்று யாரோ சொல்லப்போக, சாவடி ஏட்டு இருபுறமும் லாரிகளை நிறுத்தியிருந்தார்.

“இன்னா நைனா, குண்டு பிறாண்டுமா?” என்றார் ஒரு லாரிக்காரர்.

“புது மாடலு. நீ வண்டியாண்ட போ.”

மாமா முன்னே வந்து, டின் தன்னுடையது, உள்ளே இருப்பது நண்டு என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன சில உண்மைகளில் அது ஒன்று.

“குண்டு வெச்சவன் பின்ன குண்டுன்னா சொல்லுவான்?” என்றார் ஏட்டு.

சென்னையிலிருந்து நிபுணர்கள் வரும்வரை யாரும் தொடக் கூடாது, சாயங்காலம் ஆகும் என்றார். விதி அதுதான், இன்றைக்கும் அதுதான். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

போலீஸ் நம்மைக் காப்பவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்த நான், நேரே போய் ஏட்டின் கையைப் பிடித்து இழுத்தேன். “நண்டுதான் சார். நானே பாத்தேன். மாமாவுக்கு வேலை போயிடும் சார்.”

அவர் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் லாரிகளுக்குப் பின்னால் விரட்டினார். என்னைத் தூக்கிக்கொண்டுபோய் டீக்கடையின் பின்புறம் உட்காரவைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி டீக்கடைக்காரரிடம் நீட்டினார்.

“எங்க ஊட்டாண்ட குட்த்துடுய்யா.”

தனியாக நடந்துபோய்க் கயிற்றை அறுத்துச் சாக்கை இழுத்தார். முதலில் வெளியே வந்த நண்டு கொல்கத்தா சாலையைக் கடக்கப் பார்த்தது. பொதுமக்கள் மறுபடியும் துணிவு பெற்று ஓடிவந்து உதவினார்கள். அந்த உதவியில் பாதி நண்டு காணாமல் போயிற்று. மீதியோடு மாமா ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு போனார், மதியத்துக்குள் சேர்ந்தார், நிரந்தரமும் ஆனார்.

விதிப்படி ஏட்டு செய்தது தவறு. என் கீழ் வேலை பார்த்திருந்தால் விளக்கம் கேட்டிருப்பேன். கேட்டுவிட்டு என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

நான் சொன்னதை ஒரு போலீஸ்காரரே நம்பிவிட்டார் என்று விடுமுறை முடிந்து பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கடிகாரத்தைக் கழற்றியதையும் சொன்னேன், நண்டுத் தண்ணீர் படாமல் இருக்கத்தான் என்று. கூப்பிடு தூரத்தில் இருக்கும் மனிதர் திரும்பிவந்து தாமே வாங்கிக் கையில் கட்டிக்கொள்ளலாமே, அதை வீட்டில் கொடுக்கச் சொல்வானேன் என்று எனக்குத் தோன்றவேயில்லை.