சீனிக்குத் துணை தேடி வட்டக்கச்சிக்குப் போன கதை

கினிப்பன்றி எங்கே வாங்கலாம் என்று கேட்டு அவ்வப்போது யாராவது எனக்கு எழுதுகிறார்கள். வாங்காதீர்கள் என்று ஒரு வரியில் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் 1995 மாசி மாதம் நாங்கள் போய்வந்த பயணத்தையே எழுதிவிடுகிறேன். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. வானத்தில் போர் விமான இரைச்சல் இல்லை, வீதியில் பஸ் ஓடியது, வயல்களில் அறுவடை. வன்னியைச் சுற்றிப் பார்க்க அதைவிட நல்ல காலம் எனக்கு வாய்த்ததில்லை.

நாங்கள் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர்கள். அப்போது கரையில் இராணுவ முகாம் இருந்ததால் முள்ளியவளையில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அருள்தாஸ் நந்திக்கடலில் இறால் பிடித்தார். மகள் ரோஜினிக்கு எட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது அவளிடம் இரண்டு கினிப்பன்றிகளைக் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டும் பெண், ஒரே ஈற்றில் பிறந்தவை. வெள்ளைக்கு உப்பு என்றும் மண்ணிறத்துக்குச் சீனி என்றும் பெயர் வைத்தோம்.

மார்கழி மழையில் உப்பு செத்துப்போனது. அதற்குப் பிறகு சீனி சுவரைப் பார்த்தபடி மூலையில் குந்திவிட்டது. கினிப்பன்றி கூட்டமாக வாழ்கிற பிராணி, தனியே விட்டால் மனம் விட்டுவிடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ரோஜினி பள்ளிக்கூடத்தால் வந்ததும் புத்தகப்பையோடு ஓடிப்போய்ப் புல்லைத்தான் பார்ப்பாள். காலையில் வைத்ததில் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கும். கையில் தூக்கினால் எலும்பு முட்டியது. இன்னும் இரண்டு கிழமை இப்படியே போனால் இதுவும் போய்விடும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

புதுக்குடியிருப்பில் ஒருவர் முயலும் கினிப்பன்றியும் வளர்த்து விற்கிறார் என்று கேள்விப்பட்டு முதலில் அங்கேதான் போனோம். தட்டுத்தட்டாகக் கூடுகள். ஒரு தாய், குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஈற்றுக்கு வயிறு தள்ளிப்போய்ப் படுத்திருந்தது. அவர் எங்களுக்கு ஒரு ஆண் குட்டியைத் தூக்கிக் காட்டி, இதை விட்டால் உங்கள் சீனி குட்டி போடும், குட்டிகளை நானே எடுக்கிறேன் என்றார். என் வீட்டுக்காரர் தலையாட்டத் தொடங்கிவிட்டார். நான் ரோஜினியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வீடு வந்து சேரும்வரை எங்கள் இருவருக்கும் வாக்குவாதம். சாகக் கிடக்கிறதுக்குத் துணை தேடச் சொன்னால் இவர் அதற்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறார்!

ரோஜினியின் ரீச்சர்தான் பரமேஸ்வரி அக்காவைப் பற்றிச் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வட்டக்கச்சியில் வயல் செய்கிற குடும்பம். இடம்பெயர்ந்து போகிறவர்கள் விட்டுப்போகும் முயல், புறா, கினிப்பன்றி எல்லாவற்றையும் அவா எடுத்து வைத்திருக்கிறாவாம். காசு வாங்க மாட்டாவாம். ஆனால் கேட்டவுடன் தூக்கித் தரவும் மாட்டாவாம். நம்முடையதையும் கொண்டுபோக வேண்டும், இரண்டையும் பழக விட்டுப் பார்த்து, ஒத்துப்போனால்தான் தருவாவாம்.

ஆக, சீனியையும் கொண்டுபோக ஒரு பெட்டி வேண்டும். அந்த வேலையை இவர் எடுத்துக்கொண்டார். தன் இறால் பெட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, புது வைக்கோல் பரப்பினார். நானும் மோந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. மூன்று பேரும் மெச்சினோம்.

காலை ஆறரைக்கு முள்ளியவளையில் பஸ் ஏறினோம். கேப்பாப்பிலவு வழியாகப் புதுக்குடியிருப்பு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். கிடங்கும் பள்ளமுமான வீதியில் விழுந்து எழும்பி ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. எங்கள் பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், கடைசியில் எழும்பி முன்னால் போய் நின்றுகொண்டா. கூச்ச சுபாவம் என்று நினைத்தேன். புதுக்குடியிருப்பில் தேநீர் குடித்து, கிளிநொச்சி போகிற பஸ்ஸில் மாறி, விசுவமடு தாண்டித் தருமபுரத்தில் இறங்கினோம். அங்கிருந்து வட்டக்கச்சிப் பக்கம் நெல் மூட்டை ஏற்றப் போன உழவு இயந்திரம் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது.

அந்தப் பாதையை நான் மறக்க மாட்டேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடுகிறது. இரண்டு பக்கமும் மஞ்சளாக நெல், கரையெல்லாம் இளம் புல். கடற்கரையில் பிறந்த எனக்கு இவ்வளவு பச்சையை ஒன்றாகப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஐந்து நாய்கள் ஓடி வருகின்றன. அடுத்த வளைவில் ஏழு. சாரதி இயந்திரத்தை மெதுவாக்கிவிட்டு இவரைப் பார்த்தார்.

“அண்ணை, கருவாடு கொண்டு போறியள் எண்டா எனக்கும் ஒரு பிடி தந்திட்டுப் போங்கோ.”

அப்போதும் எங்களுக்கு விளங்கவில்லை.

பரமேஸ்வரி அக்கா ஐம்பது வயது மதிக்கத்தக்க, உரத்த குரல்காரி. வாசலுக்கு வந்ததும் எங்களுக்கு முன்னால் நாய்களைத்தான் வரவேற்றா, விளக்குமாற்றோடு. வீட்டுக்குப் பின்னால் நெல் வைக்கிற பெரிய கொட்டிலின் பாதியைக் கம்பிவலையால் அடைத்திருந்தா. உள்ளே நிலத்தில் வைக்கோல், ஒளிந்திருக்க உடைந்த பானைகள், பதினைந்துக்குக் குறையாத கினிப்பன்றிகள். ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். விட்டுப்போனதுகளைப் பார்க்கவே எனக்குப் பொழுது காணாது, குட்டி போட்டுப் பெருக்குகிறதுக்கு நான் தரமாட்டேன் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டா. நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார்.

சீனியைப் பெண்கள் பக்கம் இறக்கியதும் அத்தனையும் ஒரே ஓட்டமாகப் பானைகளுக்குள் போய்விட்டன. அக்கா சீனியைத் தூக்கி மோந்தா. பிறகு பெட்டியை மோந்தா.

“இறால் பெட்டிக்குள்ளயோ கொண்டந்தனீங்கள்?”

“நல்லாத் தேச்சுக் கழுவினது அக்கா, ஒரு மணமும் இல்லை” என்றார் இவர்.

“உங்கட மூக்குகளுக்கு இல்லை.”

தலைமுறை தலைமுறையாக மீனோடு கிடந்த மூக்குகள். பஸ்ஸில் எழும்பிப்போன பெண்ணுக்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அக்கா மற்றவை படுத்த வைக்கோலில் ஒரு பிடி எடுத்துச் சீனியின் உடம்பெல்லாம் தேய்த்து, ரோஜினியின் மடியில் வைத்து, பேசாமல் இரு என்றுவிட்டுச் சமைக்கப் போனா. குசினியிலிருந்து குளத்து மீன் குழம்பு வந்தது. கடல் மீனைத் தவிர எதையும் மதிக்காத இவர் அன்று மூச்சுக் காட்டாமல் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

மத்தியானத்துக்குப் பிறகு திரும்பவும் விட்டுப் பார்த்தோம். இளசுகள் இரண்டு சீனியைத் துரத்தின. வேறொன்று கடித்தது. சீனி மறுபடியும் சுவரைப் பார்த்துக் குந்திவிட்டது. ரோஜினியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அந்த நேரம் குசினிப் பக்கமிருந்து, தனியாக அவிழ்த்துவிட்டிருந்த கறுப்புக் கினிப்பன்றி ஒன்று புல்லொன்றை வாயில் கவ்வியபடி ஆறுதலாக நடந்து வந்தது. திறந்திருந்த வலைக்கதவால் நுழைந்து நேரே சீனியிடம் போய்ப் பக்கத்தில் குந்தியது. புல்லின் ஒரு முனை அதன் வாயில், மறுமுனை சீனியின் மூக்குக்கு முன்னால். சீனி மோந்தது. பிறகு அந்த முனையைக் கடிக்கத் தொடங்கியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு சீனி ஆசையாய்ச் சாப்பிடுவதைப் பார்க்கிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அக்காவின் முகம்தான் சுருங்கியது.

“உவள் ராணி. உவளை நான் குடுக்கிறேல்லை. உவளை வளத்த பிள்ளை திரும்பி வருவன் எண்டு சொல்லிப்போட்டுப் போனது.”

சுகந்தி என்ற சிறுமியுடையதாம். தகப்பனின் வேலையோடு மன்னார்ப் பக்கம் போகும்போது அழுதழுது விட்டுப்போனாளாம். வாக்குக் கொடுத்ததை மாற்ற முடியாது என்றா அக்கா. நியாயம்தான். இவர் பெட்டியைக் கையில் எடுத்தார். ரோஜினி எழும்பவில்லை.

“அப்ப சீனியை நீங்களே வச்சிருங்கோ அன்ரி. இஞ்சை எண்டாச் சாப்பிடுவாள்.”

அக்கா வலைக்குப் பக்கத்தில் குந்தி, ரோஜினியின் உயரத்துக்கு வந்து கேட்டா:

“சுகந்தி வந்து கேட்டா நான் என்ன பிள்ளை சொல்லுறது?”

“நான் கொண்டு வந்து குடுப்பன். ரெண்டையும் குடுப்பன். இனிப் பிரிக்கேலாதுதானே.”

இறால் பெட்டியை அக்கா தன் அடுப்புக்கு விறகாக வைத்துக்கொண்டா. தன்னுடைய பழைய கூடையொன்றில் இரண்டையும் வைத்து, வாய்க்கால் கரையில் அறுத்த புல்லையும் திணித்துத் தந்தா. இருட்டுவதற்குள் முள்ளியவளை சேர்ந்துவிட்டோம். வழியில் ஒரு நாயும் எங்களை மதிக்கவில்லை.

இப்போது புறப்பட நினைப்பவர்களுக்கு. இன்று அதே பாதை நல்ல தார் வீதி, ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். அக்காவின் கொட்டில் இப்போது இல்லை. ஆனால் வளர்க்க முடியாமல் யாராவது கைவிட்ட பிராணி இல்லாத ஊர் இல்லை. விசாரியுங்கள். தனியே ஒன்றை எடுக்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருப்பதையும் கூட்டிப் போய்ப் பழகவிட்டுப் பாருங்கள், அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்துவிட்டுப் பிறகு குட்டிகளோடு திண்டாடாதீர்கள். காலையில் போனால் வெயில் அவற்றை வாட்டாது. பெட்டியை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சுகந்தி வந்தாளா என்று கேட்பீர்கள். வந்தாள், அந்த ஆடி மாதம். அக்கா ஆள் அனுப்பினா. ரோஜினி தானே கூடையில் இரண்டையும் வைத்தாள். பஸ்ஸில் கூடையை மடியிலேயே வைத்திருந்தாள். நான் ஏதோ சமாதானம் சொல்லப்போக, அம்மா சும்மா இருங்கோ என்றாள். சுகந்தி ராணியைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக் கொஞ்சினாள். நிலத்தில் விட்டதும் ராணி ஓடிப்போய்ச் சீனியின் பக்கத்தில் குந்தியது. திரும்பவும் தூக்கினாள், திரும்பவும் ஓடியது. இரண்டு பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்கள். பிறகு சுகந்தி, பள்ளிக்கூட விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று ரோஜினியிடம் கேட்டாள்.

அன்று நாங்கள் திரும்பி வரும்போதும் கூடைக்குள் இரண்டும் இருந்தன.