சேற்றில் ஊன்றிய கால்

எட்டு வயதுப் பெண்ணிடம், எவ்வளவு பலமாக அடிக்கலாம் என்று எப்படிச் சொல்வது? எனக்கு இன்னும் தெரியவில்லை.

என் நாத்தனாரின் மகள் என் மகளைவிட மூத்தவள், ஒரு தலை உயரம் கூடுதல். பள்ளி இல்லாத நாட்களில் நாத்தனாரும் நானும் பிள்ளைகளுமாக நால்வரும் கடலை ஒட்டிய உப்புநீர் ஏரியில் இறங்கி, சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிப்போம். பெரியவர்கள் சற்று முன்னே போனதும் அந்தப் பெண் என் மகளின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்குவாள். ஒருநாள் கம்மலைப் பிடித்து இழுத்ததில் காது மடல் கிழிந்து, ரத்தம் பாவாடை வரை வழிந்தது. நாத்தனாரிடம் போய்க் கேட்டேன்.

“புள்ளைங்கன்னா அடிச்சிக்கத்தான் செய்யும். உம் பொண்ணுக்குக் கை இன்னா இல்லையா?” என்றார்.

கல்லூரியில் நான் கராத்தே கற்றிருக்கிறேன். அன்று மாலையே குத்திப் பழகப் பழைய வலையைச் சுருட்டிக் கட்டித் தொங்கவிட்டு, சிமென்ட் தரையில் மகளை நிறுத்தினேன். இடது கால் முன்னே, வலது கால் பின்னே, முழங்கால்கள் சற்று மடங்கி. பின்குதிகால் தரையை உதைத்தால் இடுப்பு திரும்பும், இடுப்பு தோளைத் தள்ளும். கை கடைசியில் வந்தால் போதும்.

அவளுக்கு வரவில்லை. ஏரியில் யாரும் காலைத் தூக்கி வைத்து நடப்பதில்லை. திருக்கை மீனின் முள்ளை மிதித்துவிடாமலிருக்கச் சேற்றில் தேய்த்தே நகர்வோம். அந்தப் பழக்கம் தரையிலும் அவளை விடவில்லை. குத்தும்போதெல்லாம் பின்கால் வழுக்கியது, பலம் அங்கேயே போய்விட்டது. என் வயிற்றில் குத்தச் சொல்லிப் பார்த்தேன். வலிக்கவே இல்லை.

“இதுக்குக் கொசு கூட சாவாது. இருக்கிற பலத்த முழுசா போடுடி,” என்றேன்.

அடுத்த வாரம் தண்ணீர் வற்றி, பிள்ளைகளுக்கு முழங்கால் மட்டம்தான் இருந்தது. நான் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி குனிந்திருந்தேன். இரண்டு கையும் சேற்றில் இருக்கும் என்பதால் இறால் போடும் அந்த ஓலைக்கூடையை எல்லோரும் வாயில்தான் பிடிப்போம். பின்னால் பேச்சு கேட்டது.

“இன்னாடி, உங்கம்மா பி.எஸ்சி. படிச்சது எறா பொறுக்கவா?”

“உனக்கு இன்னா வந்துச்சி?”

“காதக் காட்டு. இன்னொண்ணு பாக்கி கீதுல்ல.”

நான் திரும்புவதற்குள் நாத்தனார் மகளின் கை காதுக்கு வந்துவிட்டது. என் மகளின் பின்கால் கணுக்கால் வரை புதைந்திருந்தது. வழுக்க வழியில்லை. குதிகால், இடுப்பு, தோள், கடைசியில் கை. தாடையில் இறங்கியது.

தரையாக இருந்திருந்தால் அந்தப் பெண் தள்ளாடிப் பின்னே போயிருப்பாள். அவள் கால்களையும் சேறு பிடித்திருந்தது. உடம்பு மட்டும் சாய, முழங்காலில் ஏதோ அறுபடும் சத்தம் எனக்கே கேட்டது. தண்ணீருக்குள் போனாள்.

என் மகள் ஓடவில்லை, அழவில்லை. காலைச் சரிசெய்து, முழங்காலை மடித்து, அந்தத் தலை மேலே வரக் காத்திருந்தாள். ரத்தமும் சேறுமாக முகம் வெளியே வந்ததும் மறுபடி குத்தினாள். நான் பறியை விட்டுவிட்டு, “போதும், போதும்” என்று கத்தியபடி அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தேன். அவள் முழங்கை என் உதட்டைக் கிழித்தது. நான் என்று தெரிந்தா இடித்தாள்? கேட்கப் பயமாக இருக்கிறது.

அந்தப் பெண்ணின் காலில் இப்போது மாவுக்கட்டு. பிரித்த பிறகு கால் முழுதாக மடங்குமா என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை.

“கையில்லையானு கேட்டது நான்தான். இல்லன்னு சொல்லல,” என்றார் நாத்தனார். “ஆனா காலில்லாம எம் பொண்ணு தண்ணில இன்னா பண்ணுவா, அதச் சொல்லு.”

இப்போது என் மகளை யாரும் தொடுவதில்லை. ஜூனில் அவள் திருப்பாலைவனத்துப் பள்ளிக்குத் தனியாகப் பேருந்தில் போகப்போகிறாள். “ம்மா, அடுத்து ஒதைக்கிறதுதானே?” என்று நேற்றுக் கேட்டாள். என் கணவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். நிறுத்திவிட்டால், தெரிந்த அந்த ஒரு குத்தோடுதான் அவள் பேருந்து ஏறுவாள். தொடர்ந்தால் இன்னும் என்னவெல்லாம் செய்வாளோ.

நான் கத்தியது காதில் விழவே இல்லை என்கிறாள். பொய் சொல்வதாகத் தெரியவில்லை. பெண் பிள்ளைக்கு அடிக்கக் கற்றுத்தந்தவர்கள் உங்களில் இருந்தால் சொல்லுங்கள்: கை ஓங்கிவிட்ட பிள்ளையை நிறுத்திக்கொள்ள எப்படிப் பழக்கினீர்கள்? பள்ளி திறப்பதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.