தனிப் பெட்டிக்கு நெட்வேர்க் எதற்கு?

தொண்ணூறுகளின் கடைசி. கணவர் மௌத்தாகி, சாய்ந்தமருதில் உம்மா வீட்டுப் பின்னறையில், கைம்பெண்ணுக்குரிய நாலு மாசம் பத்து நாள் வெளியே போகாமல், நான் இத்தா இருந்தேன். சவூதியில் கம்பியூட்டர் திருத்தும் வேலை பார்த்த என் மூத்த சகோதரர், காக்கா, லீவில் வந்தபோது, ஒரு பழைய கம்பியூட்டரையும் லினக்ஸ் சீடியையும் கொண்டுவந்து என் அறையில் வைத்தார். இத்தா முடிந்ததும் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வகுப்பு வைக்கலாம் என்றார். அவருக்கு அது ஒரு யோசனை. எனக்கு அதுதான் உயிர். இல்லாவிட்டால் மறுகல்யாணப் பேச்சு. அது குசினி அடுப்படியில் தொடங்கியே விட்டது.

பெட்டியில் மெமரி குறைவு. தேவையில்லாததை வெட்டிவிட்டு, பெட்டியை நடத்துகிற கேர்னலைப் புதிதாகக் கட்டினால் வேகம் வரும் என்றார் காக்கா. கட்டுவதற்கு முன் அது ஒவ்வொன்றாகக் கேட்கும்: இது வேணுமா, அது வேணுமா? ஓம் அல்லது இல்லை சொல்ல வேண்டும். பெண் பார்க்க வரும் மாமிமார்கூட அவ்வளவு கேட்கமாட்டார்கள்.

நெட்வேர்க் வேணுமா என்ற கேள்வி வந்தது. காக்கா சிரித்தார்.

“இந்தத் தெருவிலேயே இந்தப் பெட்டி ஒண்டுதான். வீட்டில போனும் இல்ல. இது ஆரோட கதைக்கப் போகுது?”

நான் கீழே இருந்த விளக்கத்தை வாசித்தேன். “தனியா இரிக்கிற பெட்டிக்கும் ஓம் சொல்லட்டாம், காக்கா. சில புரோகிராமுக்கு அது வேணுமாம்.”

“அது பெரிய ஒபிஸுகளுக்கு எழுதினது, புள்ள.”

இல்லை என்று அழுத்திவிட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பெட்டி அவர் வாங்கியது, வாயை மூடிக்கொண்டேன்.

விடிய ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு தொடங்கிய வேலை நடுப்பகல் லுஹர் பாங்குக்குத்தான் முடிந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. மௌஸால் இயக்கும் படத்திரை மட்டும் வரவேயில்லை. என்னென்னவோ செய்து பார்த்த காக்கா கடைசியில் வயரைச் சுருட்டத் தொடங்கினார்.

“இது சரிவராது. போகக்குள்ள கொழும்பில குடுத்துட்டுப் போறன்.”

எனக்கு வந்ததே கோபம். “கட்டினவரும் போயிட்டார், இதையும் கொண்டு போங்க! வாசிச்சுக் காட்டினனா இல்லையா? ஓம் போட்டுப் பாருங்க. அப்பவும் வராட்டி நானே தூக்கித் தாறன்.”

காக்கா வயரை விரித்து, ஓம் போட்டு மறுபடி கட்டத் தொடங்கினார்.

அந்தி மஃரிபுக்குச் சற்று முந்திப் படத்திரை வந்தது. மௌஸின் அம்பு என் கைக்கு அசைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று கத்தியே விட்டேன்.

காக்கா சீடியில் இருந்த குறிப்புகளைத் தேடி வாசித்தார். “படம் கீறுற புரோகிராமும் கீறச் சொல்ற புரோகிராமும் ஒரே பெட்டிக்குள்ளதான் இரிக்கி. ஆனா ரெண்டும் கதைக்கிறது நெட்வேர்க் வழியா. இது தன்னோட தானே கதைக்குது.”

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“நீ அறைக்குள்ள தனியாக் கதைக்கிற சத்தம் எங்களுக்குக் கேக்கும். புள்ளைக்கு என்னவோ ஆகிட்டு எண்டு உம்மா அழுதா. அதான், இத்தா முடிய உன்னைப் பொண்ணு கேட்டு வாறம் எண்டவங்களுக்கு நான் ஓம் சொல்லிட்டன். நாளைக்குப் போய் இல்லை எண்டு சொல்றன்.”

“அந்தக் கேள்வியையாவது என்னட்டக் கேட்டிரிக்கலாமே, காக்கா,” என்றேன். கணவர் மௌத்தான பிறகு, மற்றவர் முன்னால் நான் அழுதது அன்றைக்குத்தான்.